ஜெபமும் மாத்திரையும்: கடலோர இல்லம் ஒன்றில் மிஷனெரித் தன்னார்வலர்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஒரு மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் ஒரு கோடை விடுமுறையில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். இல்லத்தின் பெயரோ, ஊரோ, வந்திருந்த குழுவின் பெயரோ இதில் இருக்காது. ஆளை அடையாளம் காட்டிவிடும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நான் அந்த இல்லத்துக்குப் போய்வரும் சமூகப் பணியாளர். எழுதச் சொன்னவர் இல்லப் பொறுப்பாளர். விடுமுறை வந்தால் இந்த மாதிரி இல்லங்களுக்கு நல்ல மனதோடு ஆட்கள் வருகிறார்கள், அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது, எங்கே நிறுத்துவது என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, நடந்ததை நடந்தபடி எழுதினால் இன்னொரு இல்லத்துக்காவது உதவும் என்றார். வந்திருந்த குழுவின் தலைவரும் இதைப் படித்துவிட்டு, எதையும் குறைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

பின்னணி

கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஒரு கிராமம். பனையும் சீமைக்கருவேலமும்தான் மரம். நிலத்தடி நீர் உப்பு; காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தால் உண்டு, வராத நாளில் லாரித் தண்ணீர். ஒரு தெருவில் மாதா கெபி, அடுத்த தெருவில் பள்ளிவாசல், அதைத் தாண்டினால் முனியசாமி கோயில். ஆண்கள் வல்லத்திலும் விசைப்படகிலும் போகிறார்கள், பெண்களில் பலர் கடல்பாசி எடுக்கப் போகிறார்கள். கிறிஸ்தவ ஊழியர்கள் இந்தக் கரைக்குப் புதிதல்ல. அருளானந்தர் என்று இந்தப் பக்கம் சொல்லப்படும் ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் கொல்லப்பட்டது 1693இல். அதற்கும் முன்பிருந்தே இங்கே கிறிஸ்தவர்கள் உண்டு. அதனால் ஒரு மிஷனெரிக் குழு வருகிறது என்பது ஊருக்குப் பெரிய செய்தியாக இருக்கவில்லை.

இல்லத்தை உள்ளூர் அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. மூன்று மதத்துக்காரர்களும் அதில் உறுப்பினர்கள். முப்பது பேருக்கு மேல் தங்கியிருக்கிறார்கள், எல்லோரும் பெரியவர்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், காது கேளாதவர்கள், மனநோயிலிருந்து தேறியும் வீட்டில் ஏற்றுக்கொள்ளாததால் இங்கேயே இருப்பவர்கள் என்று கலந்திருக்கிறார்கள். பொறுப்பாளர் முன்னாள் சிறப்பாசிரியர், எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. மூத்த பராமரிப்பாளர் ஒரு முஸ்லிம் அம்மா, அவரை இல்லத்தில் உள்ள இந்துக்களும் கிறிஸ்தவர்களும்கூட 'லாத்தா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சாப்பாடு ஊட்டுவதில் அவரை மிஞ்ச அந்த இல்லத்தில் ஆள் கிடையாது. பகலில் ஆட்கள் ஓரளவு இருக்கிறார்கள், இரவில் முப்பது பேருக்கும் சேர்த்து ஒரே ஒருவர்.

இந்த மாவட்டத்தில் எந்தக் காப்பகத்தைப் பற்றிப் பேசினாலும் தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, விடிவதற்கு முன், அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். வழிபாட்டில் குணமாகிவிடும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அப்போது அந்த ஊர்க் காப்பகங்களில் நிறையப் பேர் இருந்தார்கள். அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் கூடாது என்கிறது. டீச்சரின் இல்லத்தில் எந்த அறைக்கும் வெளிப்பூட்டு இல்லாததற்குக் காரணம் ஏர்வாடிதான். மருந்து விஷயத்தில் அவர் காட்டும் கண்டிப்புக்கும் அதுதான் காரணம்.

வந்தவர்கள்

எட்டுப் பேர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். முழுநேர ஊழியர்களான ஒரு கணவன் மனைவி, அவர்களோடு கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர், தச்சு வேலை தெரிந்த ஓர் இளைஞர். மாணவர்கள் அந்த ஊழியரை 'அண்ணன்' என்றார்கள், அதே பெயர் இல்லத்திலும் நிலைத்துவிட்டது. ஒரு மாதம் தங்கி உதவ வருகிறோம் என்று கடிதம் எழுதியிருந்தார்கள். அந்த மாதம் பராமரிப்பாளர்களில் இரண்டு பேர் விடுப்பில் போவதாக இருந்ததால் டீச்சர் உடனே சரி என்றார். ஜெபம் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: 'மாலை நேரங்களில் பாட்டும் ஜெபமும் நடத்த அனுமதி வேண்டுகிறோம்.' அதற்கும் சரி என்றுதான் பதில் போனது. எங்கே, யாரோடு, எவ்வளவு நேரம் என்று எந்தப் பக்கமும் கேட்கவில்லை.

அவர்கள் செய்த வேலையை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட சம்பவம் ஒன்று நடந்துவிட்டால் அதற்கு முன் நடந்த நல்லதெல்லாம் பேச்சிலிருந்து காணாமல் போய்விடுகிறது, அது நியாயம் இல்லை. கழிவுநீர்க் குழியை யாரும் சொல்லாமலே சுத்தம் செய்தார்கள். இரவில் நனைந்த விரிப்புகளைக் காலை ஐந்து மணிக்கே அலசிப் போட்டார்கள். உப்புக் காற்றில் சக்கர நாற்காலிகளின் பேரிங் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும், தள்ளினால் ஒரு பக்கமாக இழுக்கும். அந்தத் தச்சு இளைஞர் ஒவ்வொன்றாகக் கழற்றி, முடிந்ததற்கு கிரீஸ் வைத்து, முடியாததற்கு ராமநாதபுரம் போய்ப் புது பேரிங் வாங்கி வந்து மாட்டினார். அண்ணனின் மனைவி இரண்டு பேரை அரசு முகாமுக்கு அழைத்துப் போய் யு.டி.ஐ.டி. அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டைக்கு, பதிவு செய்தார். அந்த அட்டையும் சான்றிதழும் இல்லாததால் அவர்கள் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையான 2,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கவே முடியாமல் இருந்தது. வருபவர்களில் பலர் கேக் வெட்டிப் போட்டோ எடுத்துவிட்டுப் போவதைப் பார்த்துப் பழகிய இடத்தில் இது பெரிய விஷயம்.

முதல் இரண்டு வாரங்களில் கவனித்தவை

முதல் சிக்கல் சாப்பாட்டில் வந்தது. மூளை முடக்குவாதம் உள்ள ஒருவருக்கு ஒரு மாணவி கேப்பைக் கூழ் ஊட்டினார். அவர் மெதுவாகச் சாப்பிடுவார், பாதி வழிந்துவிடும். வழியக் கூடாதே என்று அந்தப் பெண் அவருடைய நெற்றியைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்து வாயில் ஊற்றினார். அவருக்குப் புரையேறி முகம் கறுத்துவிட்டது. லாத்தா ஓடி வந்து முன்னால் குனிய வைத்து முதுகைத் தட்டினார், கூழ் வெளியே வந்தது. பிறகு அந்தப் பெண்ணைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்தார். "நேரா உக்கார வைக்கணும்மா. தாடை கொஞ்சம் கீழ பாத்திருக்கணும். கரண்டி கீழருந்து மேல வரணும், மேலருந்து கீழ போகக் கூடாது. தொண்டை ஏறி எறங்குறதப் பாத்துட்டுத்தான் அடுத்த வாய்" என்று தன் கையால் காட்டினார். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக் குழல் திறந்தபடி இருக்கும், விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாதவருக்கு உணவு நுரையீரலுக்குள் போகும், அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. மூளை முடக்குவாதம் கடுமையாக உள்ளவர்கள் நெஞ்சு சளி என்று அடிக்கடி மருத்துவமனைக்குப் போவதற்கு இந்த மாதிரி ஊட்டுவதும் ஒரு காரணம்.

இரண்டாவது, மாலைப் பாட்டு. கிதார், டோலக், கைதட்டல். ஆட்கள் விரும்பி வந்தார்கள், சிலர் ஆறு மணிக்கே வராந்தாவில் இடம் பிடித்தார்கள். எனக்கு அதில் உறுத்திய விஷயம் ஒன்றுதான். நடக்கக்கூடியவர் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார், இரண்டு மூன்று பேர் அப்படிப் போனார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரை யார் தள்ளிக்கொண்டு வந்தார்களோ அவர்கள்தான் திரும்பத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பேச்சு வராத ஒருவரின் தலையில் நான்கு பேர் கைவைத்து உரக்க ஜெபித்தபோது அவர் உடல் விறைத்துத் தோள்கள் காதோடு ஒட்டிக்கொண்டன. அவர்கள் அதை ஆவியானவர் தொடுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். பல வருடமாக அவரைக் குளிப்பாட்டும் லாத்தாவுக்கு அது பயம் என்று தெரிந்தது. சத்தம் கேட்டால் அவர் அப்படித்தான் ஆவார்.

மூன்றாவது, போன். மாணவர்கள் எடுத்த ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, இல்லத்தில் இருக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணின் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்தது. படத்தில் அந்தப் பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், மேலே 'இருளில் இருக்கும் ஜனங்களுக்காக ஜெபியுங்கள்' என்று எழுதியிருந்தது. அவர் கோபமாக வரவில்லை. அலுவலக அறையில் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, "என் தங்கச்சி எந்த இருட்டுல இருக்கா டீச்சர்? எங்க வீட்டுல அவளுக்கு விளக்கு போடலைன்னு நெனச்சாங்களா?" என்று கேட்டார். டீச்சரிடம் அதற்குப் பதில் இல்லை. படத்தை அன்றே அழித்தார்கள், அனுப்பப்பட்டவர்களிடமும் அழிக்கச் சொன்னார்கள்.

மாத்திரை

மூன்றாவது வாரம். இல்லத்தில் இருபது வயது தாண்டிய ஒரு தம்பி இருக்கிறார். மீன்பிடிக் குடும்பம், அம்மா மட்டும்தான். மிதமான அறிவுசார் குறைபாடு, கூடவே சிறு வயதிலிருந்தே வலிப்பு. காலையும் இரவும் சோடியம் வால்புரோயேட் மாத்திரை; அது சரியாகப் போனதால் வலிப்பு வந்து ரொம்ப நாளாகியிருந்தது. யார் எந்த வேலை சொன்னாலும் ஓடிவருவார், பாட்டு என்றால் உயிர். ஞாயிறு இரவுக் கூட்டத்தில் சுகமளிக்கும் ஜெபம் நடந்தது. இளைஞர்களில் ஒருவர் அவரை முன்னால் அழைத்து, தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "இனி உனக்கு வராது, விசுவாசி" என்றார். மாத்திரையை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்திருக்கிறோம். ஆனால் அந்தத் தம்பிக்கு அது போதுமாக இருந்தது. வலிப்பு வராது என்றால் மாத்திரை எதற்கு?

அவர் மறுக்கவில்லை. நீட்டினால் வாங்கினார், வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார், நாக்குக்கு அடியில் வைத்திருந்து, தன் படுக்கைக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகத் துப்பினார். புதன் விடிகாலையில் வலிப்பு வந்தது. நின்றது, நினைவு திரும்பும் முன்பே மறுபடி வந்தது. இரவுப் பணியில் லாத்தா இருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த மாணவர் ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கப் போனார், இன்னொருவர் பல் கடிக்காமல் இருக்கக் கரண்டி தேடினார். லாத்தா இருவரையும் விலக்கிவிட்டு அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் முந்தானையைச் சுருட்டி வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரும்பைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்காது, வாயில் எதையாவது வைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, இடையில் நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ அது அவசர நிலை. 108க்குப் போன் போனது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு நிறுத்தினார்கள். அன்று முழுக்க மயக்கத்திலேயே இருந்தார், வெள்ளிக்கிழமை இல்லத்துக்குத் திரும்பினார்.

காரணம் தெரிந்தது பெருக்கும் அக்காவால். ஜன்னலுக்கு வெளியே சுவர் ஓரம், பாதி கரைந்து மண்ணோடு ஒட்டிய மாத்திரைகள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், முன்பு இருந்ததைவிடக் கடுமையாகத் திரும்பி வரலாம். அது ஒன்றுதான் காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த வாரம் முழுக்கப் பாட்டுக் கூட்டம் இரவு பத்தரை வரை போனது, அவர் கடைசி ஆளாகத்தான் படுக்கப் போவார். தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும்.

எடுத்த முடிவுகள்

வியாழக்கிழமை மாலைக்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டது. 'மதம் மாத்துறாங்க, மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாங்க' என்ற வடிவில் போனது. நான்கைந்து இளைஞர்கள் வந்து குழுவை உடனே அனுப்பச் சொன்னார்கள். அறக்கட்டளை உறுப்பினர் ஒருவரும் அதையே சொன்னார். இன்னொருவர், நல்ல பிள்ளைகள், தெரியாமல் நடந்தது, பெரிதாக்க வேண்டாம், இன்னும் ஒரு வாரம்தானே என்றார். டீச்சர் இரண்டையும் ஏற்கவில்லை.

அனுப்பிவிடாததற்கு அவர் சொன்ன காரணங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, அந்தத் தம்பி மருத்துவமனையில் கண் திறந்ததும் கேட்டது தனக்காக ஜெபித்த அந்த இளைஞரைத்தான். அவர் திரும்பி வரும்போது குழுவே இல்லை என்றால், தான் வலிப்பு வந்து விழுந்ததால்தான் எல்லோரும் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொள்வார். இரண்டு, மாத்திரை வேண்டாம் என்ற எண்ணம் யார் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்ததோ, அவர் வாயாலேயே மாற வேண்டும். டீச்சர் ஆயிரம் தடவை சொன்னாலும் அது நிற்காது. பேசாமல் விட்டுவிடுவதையும் அவர் ஏற்கவில்லை; ஏர்வாடிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, ஜெபத்தையும் வைத்தியத்தையும் போட்டிக்கு விட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்றார்.

ஏர்வாடியிலேயே வேறொரு பாடமும் இருந்தது. பின்னாளில் அங்கே அரசின் மனநலத் திட்டத்தில் 'தவா-துவா' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து போகிற ஏற்பாடு வந்தது. தர்காவுக்கு வருகிறவரை வராதே என்று அதில் சொல்வதில்லை. வந்த இடத்திலேயே மனநல மருத்துவரையும் பார்க்க வைக்கிறார்கள். டீச்சர் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "லூக்காவே வைத்தியர்தானே டீச்சர். பவுல் தன் பயணங்களில் அவரைக் கூட வைத்திருந்தாரே" என்றார். பேச்சு சுமுகமானது அந்த இடத்தில்தான்.

அன்று இரவே எட்டுப் பேரையும் உட்கார வைத்துப் பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஜெபம் மாலை ஏழு முதல் எட்டு வரை, திறந்த வராந்தாவில் மட்டும். ஒன்பதுக்கு விளக்கு அணையும். சக்கர நாற்காலியில் இருப்பவரை அங்கே கொண்டுவரும் முன் கேட்க வேண்டும். பேச்சு வராதவர் கண்ணாலோ கையாலோ ஆமாம் என்று காட்டினால்தான் கொண்டுவரலாம், அதைப் புரிந்துகொண்டு சொல்ல வேண்டியவர் லாத்தா. யார் தலையிலும் கைவைக்கக் கூடாது, அவர் கேட்டால் தவிர. சுகமாகிவிட்டது, இனி வராது என்ற பேச்சு இல்லத்துக்குள் கூடாது. வேலை நேரத்தில் போன் அலுவலக அலமாரியில் இருக்கும். லாத்தா பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்து, அவர் சரி என்று சொல்லும் வரை யாரும் யாருக்கும் ஊட்டக் கூடாது.

ஊர் இளைஞர்களிடம் டீச்சர் அந்தத் தாளையே காட்டினார், யார் வேண்டுமானாலும் ஏழு மணிக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், மூன்றாம் நாள் வரவில்லை. தம்பியின் அம்மாவைக் கூப்பிட்டு எதையும் மறைக்காமல் சொன்னதும் இந்த நாட்களில்தான். அவர் அழுதார், பிறகு அந்த ஜெபித்த இளைஞரைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்ததும், "நீங்க சாமி கும்பிடுங்க தம்பி, நான் வேணாம்னு சொல்லல. எம்மகன் மாத்திரையில கை வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நடந்தவை

அந்த இளைஞர் வெள்ளிக்கிழமை இரவு மாத்திரை டப்பாவோடு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். கடவுள் டாக்டரையும் கொடுத்திருக்கிறார், மாத்திரையையும் கொடுத்திருக்கிறார், இதைப் போட்டால் விசுவாசம் குறையாது, நானும் காய்ச்சல் வந்தால் போடுவேன் என்று அவர் சொன்ன விதத்தில் எந்தச் சங்கடமும் இல்லை, மனதாரச் சொன்னார். தம்பி விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அது அவருக்கு ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது. இப்போதும் மாத்திரை போட்டதும் எதிரில் வருபவருக்கெல்லாம் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இதை எழுதும் வரை அவருக்கு வலிப்பு வரவில்லை.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. மாணவர்களில் ஒருவர், ஜெபிக்கும்போது சுகமாகும் என்று சொல்லக் கூடாது என்றால் நான் எதற்கு ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பினார். அவர் மனதில் பொய் இல்லை. அவருடைய நம்பிக்கையும் இந்த இல்லத்தின் பொறுப்பும் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். கிளம்பியதே இருவருக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

கடைசி வாரத்தில் ஜெபத்துக்கு வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள், வந்தவர்கள் உண்மையில் விரும்பி வந்தவர்கள். சத்தத்துக்குப் பயப்படும் அவர் வரவே இல்லை. அதே நேரத்தில் தச்சு இளைஞர் அவரைக் கடற்கரை மேட்டு வரை தள்ளிக்கொண்டு போய்ப் படகுகள் திரும்புவதைக் காட்டிவிட்டு வந்தார். மணலில் நாற்காலி இறங்காது, மேட்டோடு நிற்க வேண்டும்.

யாரும் எதிர்பார்க்காத பாதிப்பு குழு கிளம்பிய பிறகு வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஓர் அக்கா மாணவி ஒருவரோடு ரொம்ப ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போகும்போது, திரும்ப வருவேன் என்று அணைத்துச் சொல்லிவிட்டுப் போனார். இவர் மறுநாளிலிருந்து துணிப் பையில் தன் சேலையையும் சீப்பையும் வைத்துக்கொண்டு சாயங்காலமானால் வாசலில் போய் உட்கார்ந்தார். சரியாகச் சாப்பிடவில்லை, எடை இறங்கியது. வாரக்கணக்கில் நீடித்தது. லாத்தா அந்த மாணவியின் நம்பருக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்த பிறகுதான் மெல்ல மெல்லச் சரியானார். வலிப்பு வந்தால் 108 உண்டு, இதற்கு எதுவும் கிடையாது. ஒரு மாதம் அன்பைக் கொட்டிவிட்டுப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விட்டுவிட்டுப் போவதைத்தான் இங்கே இருப்பவர்கள் வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறார்கள், அதில் இன்னொன்றைச் சேர்க்கிறோம் என்பது வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இல்லத்தில் மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

அந்தத் தாள் இப்போது குழு வருவதற்கு முன்பே அனுப்பப்படுகிறது. ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. முதல் மூன்று நாள் லாத்தாவோடு நின்று பார்ப்பது மட்டும்தான் வேலை: ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, வலிப்பு வந்தால் என்ன செய்வது. கிளம்பும் தேதியைச் சுவரில் நாள்காட்டியில் வருகிறவரின் படத்தோடு ஒட்டி, தினமும் ஒரு கட்டத்தை அடிக்கிறார்கள். திரும்ப வருவேன் என்று தேதி இல்லாமல் யாரும் சொல்லக் கூடாது. மாத்திரை கொடுப்பவர் விழுங்கியதைப் பார்த்துவிட்டு, இரண்டு வார்த்தை பேச வைத்த பிறகே நகர வேண்டும். மருத்துவரிடம் எழுதி வாங்கி, வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே இரண்டு இல்லத்திலேயே வைத்திருக்கிறார்கள். முதல் மருந்துக்கு, ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. படம் எடுப்பதானால் அவரிடமும் குடும்பத்திடமும் கேட்க வேண்டும், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி பாதுகாவலர் நியமிக்கப்பட்டவர் என்றால் அந்தப் பாதுகாவலரிடமும்.

இன்னொன்று, இதைத்தான் நான் எல்லா இல்லத்துக்காரர்களிடமும் சொல்ல நினைக்கிறேன். அந்த மாலைப் பாட்டுக்கு ஏன் அத்தனை பேர் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்தார்கள்? இல்லத்தில் ஆறு மணிக்கு மேல் எதுவுமே இல்லை. டீ முடிந்தால் அடுத்தது இரவுச் சாப்பாடு, நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அந்தக் குழு கொண்டுவந்தது பாட்டும், பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர்களும். அதைத் தராத இடத்தில் யார் என்ன சொன்னாலும் ஆட்கள் அப்படியே பிடித்துக்கொள்வார்கள். இப்போது வாரத்தில் இரண்டு மாலை பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து கும்மி அடிக்கிறார்கள், கேரம் போர்டு வந்திருக்கிறது, ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கும் மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் ஊர்ப் பொங்கலுக்கும் போக விரும்புகிறவர்களைக் கூட்டிப்போக ஆட்டோ ஏற்பாடு இருக்கிறது. முன்பு அவரவர் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போக வேண்டும் என்று கேட்டால் ஆள் இல்லை என்ற பதில்தான்.

அடுத்த கோடைக்கு இரண்டு குழுக்கள் கேட்டிருந்தன. ஒன்று போன் விதியைப் பார்த்துவிட்டு, படமும் காணொளியும் இல்லாமல் எங்களை அனுப்புகிறவர்களுக்குக் கணக்குக் காட்ட முடியாது என்று வரவில்லை. மற்றது அதே அண்ணனின் குழு, இந்த முறை நான்கு பேர், தச்சு இளைஞர் உட்பட. தாளில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி அவர்களே எழுதி அனுப்பினார்கள்: புதிதாக வருகிற மாணவர்கள் முதல் வாரம் ஜெபம் நடத்த மாட்டார்கள், வேலை மட்டும் செய்வார்கள். டீச்சர் சேர்த்துக்கொண்டார். இரவுப் பணிக்கு இரண்டாவது ஆள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, கொடுக்க முடிகிற சம்பளத்துக்கு யாரும் வருவதில்லை, அறக்கட்டளை அதற்கு இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறது.